கத்தினால் மட்டும் போதுமா?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னபோது, சாதித்ததைச் சொல்வதா, சொதப்பியதைச் சொல்வதா என்று யோசித்தேன். சாதித்தவர்கள் நிறையப் பேர் மேடையில் இருக்கிறார்கள். அதனால் நான் சொதப்பியதைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர் பக்கம் மங்கலம். எங்கள் வீட்டில் எட்டுத் தறி. பாவும் ஊடை நூலும் கொடுப்பார்கள், கூலிக்கு ஓட்டிக் கொடுப்போம். அந்தத் தறிதான் என்னை இந்தக் கல்லூரியில் படிக்க வைத்தது. வீட்டிலிருந்து 1.8 கிலோமீட்டர் தள்ளி, நொய்யல் பக்கமாக, மூன்று ஏக்கர் தோட்டம். தென்னையும் கொஞ்சம் மாட்டுத் தீவனமும். ஒரு போர், ஒரு மோட்டார் ரூம்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மூணு பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் தண்ணீர். ராத்திரி ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் மோட்டாரைப் போட வேண்டும், மூன்று மணிக்குத் திரும்பப் போய் நிறுத்த வேண்டும். பகலெல்லாம் தறியில் நின்ற மனுஷன் ராத்திரி டார்ச் லைட்டோடு வரப்பில் நடப்பார். ஒரு தடவை ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

2014-ல் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "நாம எலக்ட்ரானிக்ஸ் படிச்சு என்ன புண்ணியம்?" என்று தோன்றியது. செல்போனில் ஓடும் ஸ்டார்ட்டர் அப்போதே கடையில் கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் டவர் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் அன்றைக்கு மோட்டார் ஓடாது. வயர்லெஸ் மாட்யூல் இரண்டு வாங்கி, வீட்டில் ஒன்று, மோட்டார் ரூமில் ஒன்று என்று வைத்துவிட்டால் யார் தயவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

வாங்கியது 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல். அனுப்பும் சக்தி 1 மில்லிவாட். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நூறு மீட்டருக்கு நன்றாகப் போனது. தோட்டம் 1,800 மீட்டர். உடனே என் மூளைக்கு எட்டிய ஒரே வழி ஆம்ப்ளிஃபயர். 1 மில்லிவாட்டை 100 மில்லிவாட் ஆக்கும் ஒரு பவர் ஆம்ப்ளிஃபயரை வீட்டுப் பக்கத்துப் பெட்டியில் போட்டேன். பட்டனை அமுக்கினேன். தோட்டத்தில் நின்றிருந்த அப்பா போனில், "ஓடுது கண்ணு, ஓடுது!" என்றார். அன்றைக்கு நான் மார்க்கோனியாகவே மாறிவிட்டேன்.

அந்தப் பெட்டியில் ஒரே பட்டன். ஒரு முறை அமுக்கினால் ஓடும், மறுமுறை அமுக்கினால் நிற்கும். மோட்டார் பக்கத்திலிருந்து பதில் வந்தால் பச்சை விளக்கு. வராவிட்டால் சிவப்பு. நடந்தது என்னவென்றால், மோட்டார் சொன்னபடி கேட்டது, ஆனால் பெரும்பாலும் சிவப்பு விளக்கே எரிந்தது. சிவப்பைப் பார்த்ததும் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கருவி வைத்த பிறகும் அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். எனக்குச் சொல்லவில்லை. "பையன் ஆசையா செஞ்சது" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

ஒரு ராத்திரி அவருக்குக் காய்ச்சல். மூன்று மணிக்கு நிறுத்த பட்டனை அமுக்கினார். சிவப்பு. சரி, போகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் அமுக்கினார். மறுபடி சிவப்பு. கரண்ட் எப்படியும் போய்விடும் என்று படுத்துவிட்டார். முதல் அமுக்கில் மோட்டார் நின்றது. இரண்டாவது அமுக்கில் திரும்ப ஓடியது. கரண்ட் போகவில்லை. போரில் தண்ணீர் வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, விடியும்போது காயில் கருகிவிட்டது. குழாயை எல்லாம் உருவி மோட்டாரை மேலே எடுத்து, ரீவைண்டிங் செய்து, திரும்ப இறக்கப் பதினோரு நாள் ஆனது. சித்திரை மாசம். தீவனப் பயிர் காய்ந்து போனது.

நான் ஊருக்குப் போனேன். அப்பா திட்டவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே வந்து என் காதில் சொன்னார். "நீ கத்துனது அங்க கேட்டுச்சு கண்ணு. அது சொன்னது உனக்குக் கேக்கல. அவ்வளவுதான்."

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனுஷன். நான் நாலு வருஷம் படித்த பாடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதை உங்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். மாணவர்கள் பயப்பட வேண்டாம், வெறும் கூட்டல் கழித்தல்தான். ரேடியோவில் சக்தியை டெசிபலில் சொல்வோம். 3 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. 1 மில்லிவாட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1.8 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்க, வழியில் இழப்பது சுமார் 105 டெசிபல். இரண்டு பக்கமும் சின்ன ஆன்டெனா, ஆளுக்கு 2 டெசிபல் கொடுக்கும். தென்னந்தோப்புக்கு ஒரு 8 கழியுங்கள். என் மாட்யூலின் காது மைனஸ் 94 வரைதான் கேட்கும்.

வீட்டிலிருந்து தோட்டத்துக்கு: ஆம்ப்ளிஃபயர் போட்டதால் 20, கூட்டு 4, கழி 105, கழி 8. விடை மைனஸ் 89. மைனஸ் 94-க்கு மேலே இருக்கிறது. கேட்கும். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு: ஆம்ப்ளிஃபயர் இல்லை. பூஜ்யம், கூட்டு 4, கழி 113. விடை மைனஸ் 109. கேட்கவே கேட்காது. எப்போதாவது பச்சை எரிந்தது என்றால் அது என் திறமையல்ல, அந்த நேரத்துக் காற்றும் மட்டையும் கொடுத்த வரம்.

ஆக, ஒரு பக்கம் மட்டும் ஆம்ப்ளிஃபயர் போட்டால் அது பேச்சு ஆகாது, மேடைப் பிரசங்கம் ஆகிவிடும். எதிரே இருப்பவன் பதில் சொன்னால் நமக்குக் கேட்காது.

உடனே புத்தி வந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு பக்கமும் ஆம்ப்ளிஃபயர் போட்டேன். கேட்கும் வழியிலும் ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டேன். அப்போது மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன்.

முதலாவது, கரண்ட். மாட்யூல் குடிப்பது பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் அந்த நொடியில் நூற்றுக்கு மேல் இழுக்கும். நான் போட்டிருந்த சின்ன 3.3 வோல்ட் ரெகுலேட்டர் அந்த இழுப்பில் தொய்ந்து, மாட்யூல் மயங்கி விழுந்து திரும்ப எழுந்தது. எட்டுத் தறியும் ஒன்றாக ஸ்டார்ட் ஆனால் வீட்டு டியூப் லைட் எப்படிக் கண்ணடிக்குமோ அப்படி. மாட்யூலின் காலடியிலேயே ஒரு நல்ல கெப்பாசிட்டரும், தாராளமான ரெகுலேட்டரும் போட்ட பிறகுதான் அது நின்றது. "ஆம்ப்ளிஃபயர் போட்டேன், ரேஞ்ச் குறைஞ்சு போச்சு" என்று யாராவது வந்து அழுதால், முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது, காது. கேட்கும் பக்கத்து ஆம்ப்ளிஃபயர் வந்ததை எல்லாம் பெரிதாக்கும், இரைச்சலையும் சேர்த்து. தறிக்கூடத்தில் வளர்ந்தவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். காது கேட்கும் மெஷினை மாட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனால் பேச்சா கேட்கும்? தறிதான் இன்னும் பெரிதாகக் கேட்கும். தறிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கிட்டே வந்து காதில் சொல்கிறார்கள், இல்லையென்றால் கையால் ஜாடை காட்டுகிறார்கள். அதாவது சத்தத்தைக் கூட்டுவதில்லை, வழியை மாற்றுகிறார்கள்.

மூன்றாவது, பக்கத்து வீடு. நான் சோதனை செய்த நாட்களில் பக்கத்து பனியன் கம்பெனியில் வைஃபை தடுமாறியது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே? அந்த அண்ணன் வந்து, "ஏனுங் தம்பி, நீங்க ஏதோ பண்றீங்களாமா, எங்க பில் போட முடியலீங்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கூசியது. காற்று பொது ரோடு மாதிரி. நம் வண்டி பெரியது என்பதற்காக நடு ரோட்டில் ஓட்ட முடியாது. உரிமம் இல்லாமல் உபயோகிக்கும் அலைவரிசைகளுக்கு அரசு வைத்திருக்கும் சக்தி உச்சவரம்பு அதற்காகத்தான். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் அந்த விதியைப் படியுங்கள் தம்பிகளா.

அப்புறம் ஆன்டெனாவை மாடிக்கு மேலே ஏற்றலாம் என்று, கீழே இருந்த பெட்டியிலிருந்து ஒன்பது மீட்டர் மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிள் இழுத்தேன். எந்த முன்னேற்றமும் இல்லை. அந்தக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்கிறது. 9 டெசிபல் போனால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். காசு கொடுத்து ஆம்ப்ளிஃபயரில் வாங்கியதைக் கேபிளில் சிந்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேனி கதையைப் படித்தேன். நம் தமிழ்நாட்டில் நடந்தது, நம்மில் பலருக்குத் தெரியாது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்று வட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்கள் திறந்தது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார், பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். நோயாளி அங்கிருந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டரோடு திரையில் பேசலாம். 2005, 2006 வாக்கில் இதற்கு இணைப்புக் கொடுத்தது, எரிக் புரூவர் தலைமையிலான கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு. வீட்டில் நூறு மீட்டர் போகும் அதே வைஃபை. அதை 15 கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள்.

எப்படி? கொஞ்சம் சக்தி கூடிய ரேடியோ கார்டுகள் போட்டார்கள், உண்மை. ஆனால் பெரிய வேலையைச் செய்தது உயரமான கம்பமும், ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனாவும். அப்புறம் சாஃப்ட்வேர். வைஃபையில் ஒவ்வொரு செய்திக்கும் "வந்துவிட்டது" என்று பதில் வர வேண்டும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஒளி வேகத்திலேயே 100 மைக்ரோ விநாடி ஆகும். சாதாரண வைஃபை அவ்வளவு நேரம் பொறுக்காது, தொலைந்துவிட்டது என்று திரும்ப அனுப்பும். அந்தப் பதில் சொல்லும் முறையையே மாற்றி எழுதினார்கள். படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சிவப்பு விளக்குதான் ஞாபகம் வந்தது. பதில் வராததால் இரண்டாவது முறை அமுக்கிய அப்பா ஞாபகம் வந்தார்.

அதே குழு பிற்பாடு இன்னொன்றும் எழுதியது. அந்த ஊர்களில் அதிகம் தொல்லை கொடுத்தது ரேடியோ அல்ல, கெட்ட கரண்ட்டாம். வோல்டேஜ் எகிறியும் சரிந்தும் சாதனங்கள் செத்தன. மங்கலத்துக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

2007-ல் வெனிசுலா நாட்டில் எர்மான்னோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியரும் நண்பர்களும் மலை உச்சிக்கு மலை உச்சி, பெரிய ஆன்டெனாக்களை வைத்து, வைஃபையை 382 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். அதையும் தாண்டிச் சொன்னால், 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டர் வெறும் 23 வாட் அளவுதான். 2,000 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அது பேசுவது நமக்குக் கேட்கிறது. இங்கே 70 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனாவை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்கிறோம், அதனால்தான்.

ஆன்டெனாவின் பெருமை இதுதான். அது சொல்லவும் உதவும், கேட்கவும் உதவும். ஆன்டெனாவில் கூட்டிய ஒவ்வொரு டெசிபலும் இரண்டு திசைக்கும் சேரும். கரண்ட்டும் குடிக்காது.

அப்புறம் உயரம். இரண்டு ஆன்டெனாவும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் புடைத்த கதிர் போல ஓர் இடம் அதற்கு வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்று படித்திருப்பீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1.8 கிலோமீட்டருக்கு, நட்ட நடுவில் அதன் ஆரம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் அறுபது சதவீதமாவது, அதாவது நாலரை மீட்டராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். என் ஆன்டெனா இருந்ததோ மோட்டார் ரூம் ஜன்னலில், இரண்டு மீட்டர் உயரத்தில். வெட்டவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு சக்தி போதும். தரையை ஒட்டி அனுப்பினால் பதினாறு மடங்கு வேண்டும். நான் ஆம்ப்ளிஃபயரை வைத்து மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

2018-ல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். இந்த முறை முதலில் வாங்கியது ஒரு குயர் நோட்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

அலைவரிசையை மாற்றினேன். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, 2005-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 1 வாட் வரை உரிமம் இல்லாமல் உபயோகிக்கலாம். 2021-ல் அதை 868 வரை நீட்டினார்கள். இந்த அலைவரிசையில் அதே தூரத்துக்கு இழப்பு 96 டெசிபல்தான், ஒன்பது மிச்சம். அதில் லோரா என்ற முறையில் பேசும் மாட்யூலைப் போட்டேன். ஃபிரான்ஸில் ஒரு சிறு கம்பெனி உருவாக்கியது, 2012-ல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கியது. இதன் சூட்சுமம் அவசரப்படாமல் பேசுவது. பழைய மாட்யூல் விநாடிக்கு 2,50,000 பிட் அனுப்பும். இதை நான் வைத்திருக்கும் நிலையில் ஆயிரம்கூடப் போகாது. ஆனால் மைனஸ் 130-க்குக் கீழேயும் காது கேட்கும். தூரத்துக் காட்டில் இருப்பவனிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் புரிகிறதல்லவா, அப்படி. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு சொல் போதுமே, எதற்கு அவசரம்?

வெறும் 25 மில்லிவாட். ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வெட்டவெளிக் கணக்குக்கு 50 டெசிபலுக்கு மேல் கையிருப்பு. தென்னைக்கும் மழைக்கும் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. வீட்டு மாடியில் ஒன்று, தோட்டத்தில் ஆறு மீட்டர் ஜி.ஐ. பைப்பின் உச்சியில் ஒன்று. மாட்யூலையே ஆன்டெனா காலடியில் மழை படாத பெட்டியில் வைத்து, கரண்ட் ஒயரும் சிக்னல் ஒயரும் மட்டும் கீழே கொண்டுவந்தேன். பைப்புக்கு எர்த் போட்டேன். இடி அந்தப் பைப்பைத்தான் முதலில் தேடி வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் பட்டனில். இப்போது இரண்டு பட்டன். பச்சை அமுக்கினால் 'ஓடு', சிவப்பு அமுக்கினால் 'நில்'. 'நில்' என்று பத்துத் தடவை சொன்னாலும் நிற்கத்தான் செய்யும். மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளந்து, தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்திக்கொள்ளும். மூன்று மணி நேரத்துக்கு மேல் வீட்டிலிருந்து சேதி வராவிட்டாலும் தானே நின்றுவிடும். காற்று ஏமாற்றலாம், கருவி பழுதாகலாம். எது கெட்டாலும் மோட்டார் நிற்கும் பக்கமே சாய வேண்டும். இது ரேடியோ பாடத்தில் வரவில்லை. காய்ந்த பயிரில் படித்தது.

ஆம்ப்ளிஃபயரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் இடம் உண்டு. ஆன்டெனாவை உயர்த்த முடியாத இடம், வேகமும் குறையக் கூடாது, இரண்டு பக்கமும் நல்ல கரண்ட் இருக்கிறது, விதியும் இடம் கொடுக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், இரண்டு பக்கமும் போடுங்கள். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் கணக்கு, அடுத்து உயரம், அடுத்து ஆன்டெனா, அடுத்து கேபிள், அடுத்து நிதானம். கடைசியில் ஆம்ப்ளிஃபயர். நான் கடைசிப் படியில் முதல் கால் வைத்தேன்.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கு எல்லாமே நமக்கு ஆறாவது செமஸ்டரில் வந்தது. நானும் எழுதிப் பாஸ் செய்தேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது எங்கள் தோட்டத்துக்கான கணக்கு என்று அப்போது தெரியவில்லை. உங்கள் நோட்டில் இருப்பது உங்கள் வீட்டுக்கான கணக்காக இருக்கலாம். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. தறியில் நாலைக் கொடுத்துவிட்டோம், நாலு ஓடுகிறது. தோட்டத்துக்கு இன்னமும் போகிறார், விடிந்த பிறகு, டீ குடித்துவிட்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே பச்சை பட்டனை அமுக்குவார். மோட்டார் ஓடத் தொடங்கி, தண்ணீரும் வந்து, "ஓடுகிறேன்" என்று பதில் வந்த பிறகுதான் விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

போன மாசம் ஊருக்குப் போனபோது கேட்டேன், "இப்ப எப்படிங்கப்பா இருக்குது?" என்று. "இப்பத்தான் அது பேசுது கண்ணு" என்றார். நான் வாங்கிய பட்டத்துக்கு அதுதான் சான்றிதழ்.

இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.